புறவாசல் பூக்கள்: கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வரலாற்று வாசிப்பு

கல்லிடைக்குறிச்சியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலும் ஊரின் முன்வாசல்தான் தெரிகிறது. ஆதிவராகப் பெருமாள் கோயில், அந்தப் பெருமாள் மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகி ராகத்தில் செய்த கீர்த்தனை, ஊரை ஒட்டி ஓடும் கன்னடியன் கால்வாய், பசு நடந்த வழியே அந்தக் கால்வாயை வெட்டினார்கள் என்ற கதை, வட்டித் தொழில், அப்பளம். 1930இல் மதராஸ் மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் மார்வாடிகளையும் முல்தானிகளையும் பற்றிப் பேசியபோது கல்லிடைக்குறிச்சிப் பிராமணர்களையும் பணம் புழங்கும் தனிக் கூட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. திருவிதாங்கூர் வரை போன பணம். அதன் கணக்குப் புத்தகங்கள் திண்ணையிலும் கூடத்திலும் எழுதப்பட்டவை. அதே வீட்டின் பின்னால், கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவில், இரண்டு பிச்சிக்கொடியும் ஒரு செம்பருத்தியும் நாலு கனகாம்பரமும் நின்ற துண்டு நிலத்துக்குக் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாததனாலேயே வரலாறும் இல்லை என்றாகிவிட்டது.

வரலாறு எழுதுபவர்கள் இப்படி விட்டுவிடுவதில் ஆச்சரியமில்லை. வரி விதிக்கப்படாத நிலம் ஆவணத்தில் ஏறாது. நன்செய், புன்செய், குளம், மடை எல்லாம் ஏறும். புறவாசல் பூச்செடி ஏறாது. பெண்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்தது, காசாக மாறாதது, பொழுது சாய்ந்தால் வாடிப்போவது என்று மூன்று காரணங்களால் அது வரலாற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டு நிலத்திடம் இங்கே மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. இந்தச் செடி எங்கிருந்து வந்தது? இதற்கு யார் தண்ணீர் விட்டார்கள்? இந்தப் பூவை யார் சூடலாம்? முதல் கேள்வி தாவரவியல் போலவும் இரண்டாவது வீட்டு நிர்வாகம் போலவும் மூன்றாவது சடங்கு போலவும் தோன்றும். மூன்றுமே அதிகாரம் பற்றிய கேள்விகள்தாம்.

1

தமிழில் பூவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே சங்க இலக்கியத்துக்குப் போய்விடுவது நம்முடைய பழக்கம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்கே பூவின் பெயர். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, படையெடுத்தால் வஞ்சி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களைப் பள்ளிப்பிள்ளைகள் வரைக்கும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 'பூவோடு வாழ்ந்த இனம்' என்ற பெருமிதச் சொல்லாடலுக்கு இதெல்லாம் தோதான சரக்கு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 99 பூக்களும் பெண்கள் பறித்துக் குவித்தவை, நட்டு வளர்த்தவை அல்ல. காவும் பொழிலும் சங்கப் பாடல்களில் உண்டு. என்றாலும் அங்கே பூ பெரும்பாலும் மலையிலும் காட்டிலும் சுனையிலும் தானாக மலர்வது. பூ அங்கே ஒரு குறி; நிலத்தை, பொழுதை, போரின் கட்டத்தைக் காட்டும் குறி. அதை விதைத்து, பாத்தி கட்டி, கூலி கொடுத்து உண்டாக்கும் உழைப்பு அந்தப் பாடல்களின் மையத்தில் இல்லை.

உழைப்பு மையத்துக்கு வருவது கோயிலோடுதான். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'திருநந்தவனப்புறம்' என்று நிலம் ஒதுக்கப்படுகிறது. நந்தவனத்தைப் பராமரிக்கும் குடிகளுக்கும், 'திருப்பள்ளித்தாமம்' பறிப்பவர்களுக்கும் தொடுப்பவர்களுக்கும் நெல் அளந்து கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. பூ இப்போது ஒரு நிறுவனத்தின் தினசரித் தேவை. காலைக்கு இத்தனை மாலை, உச்சிக்கு இத்தனை மாலை என்று தேவை நிலைத்துவிட்டால் காட்டை நம்பிக்கொண்டிருக்க முடியாது. தோட்டம் போட்டாக வேண்டும். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்ததும், அங்கே துளசியடியில் ஆண்டாள் கிடைத்ததும் இந்த மாற்றத்தின் புனைவு வடிவங்கள் எனலாம்.

ஜாக் கூடி என்ற மானுடவியலாளர் 1993இல் பூக்களின் பண்பாடு குறித்துப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் தொடங்கும் கேள்வி எளிமையானது: ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் பூக்கள் ஏராளமாக இருந்தும் பூச்சூடல், பூத்தொடுத்தல், பூவால் வழிபடுதல் ஏன் வேர்விடவில்லை? அவர் தரும் விடை, பூப் பண்பாடு தீவிர வேளாண்மையோடும் உபரியோடும் அந்த உபரியை ஒரு சாரார் கையில் குவிக்கும் சமூகப் படிநிலையோடும் பிணைந்தது என்பது. சாப்பிட முடியாத பயிருக்கு நல்ல நிலமும் தண்ணீரும் ஆளும் ஒதுக்க வேண்டுமென்றால், வேறு யாரோ வேறு எங்கோ நெல் விளைவித்துக்கொண்டிருக்க வேண்டும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இதை நிரூபிக்க அதிக சிரமம் தேவையில்லை. பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் மூன்றாவது கன்னடியன். அந்தக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும். நெல் குத்தகையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாழைநார் பூத்தொடுக்க வந்தது. பிச்சிச் சரத்தைப் பிடித்து நிறுத்திய நாரில் நஞ்சை நிலத்தின் முழு உறவுமுறையும் திரிந்து கிடந்தது.

2

நந்தவனத்தின் சிறு பிரதிதான் வீட்டுப் புறவாசல் என்று சொல்லத் தோன்றும். அப்படி முழுக்கச் சொல்லிவிட முடியாது. புறவாசலில் நந்தவனமும் உண்டு, நந்தவனத்துக்கு ஒவ்வாததும் உண்டு.

செடிகளையே பார்க்கலாம். அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, துளசி, பவளமல்லி எல்லாம் சாமிக்கு. குளித்துவிட்டு ஈரத் துணியோடு பூக்குடலையில் பறிப்பவை. கனகாம்பரமும் டிசம்பர் பூவும் சாமிக்கு வழக்கமில்லை, வாசம் கிடையாது என்பது காரணம். அவை தலைக்கு. பிச்சியும் மல்லியும் இரண்டு பக்கமும் போகும். தாழம்பூ பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவனுக்கு ஆகாது. தரையில் விழுந்த பூ ஆகாது, பவளமல்லிக்கு மட்டும் விதிவிலக்கு, அது விழுந்தால்தானே கிடைக்கும். இப்படியொரு நுட்பமான வகைப்பாடு எழுதப்படாத சட்டமாகப் பத்தடி நிலத்தில் அமலில் இருந்தது. சாமிக்குப் பறிக்கிற பூவை முகரக்கூடாது என்பது இதன் முதல் விதி. இந்த விதியின் வன்முறை பெரியபுராணத்திலேயே பதிவாகியிருக்கிறது. திருவாரூர்க் கோயிலில் பூவை எடுத்து முகர்ந்த அரசியின் மூக்கைச் செருத்துணையார் அறுக்கிறார். பூவை எடுத்தது கையல்லவா என்று அவள் கணவன் கழற்சிங்கன் கையை வெட்டுகிறான். இருவரும் நாயன்மார்கள். இன்னொரு பக்கம், பெருமாளுக்கான மாலையைத் தானே சூடிப் பார்த்த ஆண்டாள் சூடிக்கொடுத்தவளாகிறாள். ஒரே விதியை மீறிய இரண்டு பெண்கள். ஒருத்திக்குத் தண்டனை, ஒருத்திக்குத் தெய்வநிலை. மீறலைத் தெய்வமாக்கிவிட்டால் மற்றவர்கள் மீறவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. ஆண்டாள் செய்ததை ஆண்டாள் மட்டும்தான் செய்யலாம்.

இவ்வளவு கெடுபிடியான ஒரு ஒழுங்குக்குள் வெளியாட்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. கேந்திப்பூ மெக்சிகோவின் செடி. அங்கே இறந்தவர்களின் நாளில் கல்லறைக்குப் போகிற பூ அதுதான். நிலச்சம்பங்கியும் மெக்சிகோ. அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்துச் செடி. மதிலோரம் மஞ்சளாகப் பூக்கும் பொன்னரளியும், கோயில் பிராகாரங்களில் வயதான முனிவர்களைப் போல நிற்கும் ஈழத்தலரியும் அதே கண்டத்தவை. காகிதப்பூ பிரேசிலிலிருந்து, 1760களில் புகென்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவனோடு போன தாவரவியலாளர் கொமெர்சோன் கண்ணில் பட்டு, தலைவனின் பெயரைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றியது. நித்தியகல்யாணி மடகாஸ்கர். சாமந்தி சீனாவில் பண்படுத்தப்பட்டது. நம்முடைய புறவாசலில் 'தொன்றுதொட்டு' நின்ற செடிகளில் பல கொலம்பஸுக்கும் வாஸ்கோ ட காமாவுக்கும் பிறகு வந்தவை. மிளகாய்க்கு நடந்ததுதான் பூவுக்கும் நடந்தது.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுக்கீசியரும் சேசு சபையினரும் இருந்தார்கள் என்பதையும், 19ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் வாசனைப்பயிர்த் தோட்டம் குற்றாலத்தில் இருந்தது என்பதையும், ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் இந்தப் பக்கமெல்லாம் செடி சேகரித்துத் திரிந்தார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியதில் வைட்டுக்குப் பங்குண்டு. அவருடைய தாவர நூல்களின் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். நூலின் பெருமை வைட்டுக்குப் போயிற்று, செடியின் கோடும் நரம்பும் இவர்கள் கை. காலனியம் செடிகளை இடம்பெயர்த்தது, பெயரிட்டது, வரிசைப்படுத்தியது. ஆனால் அந்தச் செடிகள் அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் வந்து சேர்ந்தது எந்தச் சங்கத்தின் மூலமும் இல்லை. 'ஒரு கம்பு ஒடிச்சுக் குடு, வச்சுப் பாக்கேன்' என்ற வாய்ச்சொல் மூலம். பதியன், கம்பு, விதை என்று வீடு விட்டு வீடு, கல்யாணமாகிப் போன மகளோடு ஊர் விட்டு ஊர். காசு நுழையாத, ஆண்கள் கவனிக்காத ஒரு பரிமாற்ற வலை.

இங்கே ஒரு கருத்தியல் முடிச்சு இருக்கிறது. சாதியும் தீட்டும் இவ்வளவு கறாராகக் காவல் காத்த ஒரு வெளியில், அயலூர்ச் செடிக்குப் பூர்வீகம் கேட்கப்படவில்லை. கேந்திக்குத் தலபுராணம் கிடையாது, தாழம்பூவைப் போல சாபமும் கிடையாது. அதனால் அது பேசாமல் மாலைக்குள் நுழைந்துவிட்டது. மெக்சிகோவிலிருந்து வந்த பூ கருவறைக்குள் போகலாம். அதே ஊரின் வயலில் தலைமுறைகளாக நாற்று நட்டவர்கள் கோயிலுக்குள் போக 1939க்கும் 1947க்கும் இடைப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. தூய்மை என்பது பொருளின் குணம் அல்ல, அது மனிதர்களுக்கு இடையே இழுக்கப்பட்ட கோடு என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடைக்காது.

3

மிஷேல் ஃபூக்கோ 1967இல் கட்டிடக் கலைஞர்கள் முன் ஆற்றிய ஓர் உரையில், ஒன்றுக்கொன்று பொருந்தாத பல வெளிகளை ஒரே இடத்தில் அடுக்கிவைக்கும் இடங்களைப் பற்றிப் பேசினார். அதற்குப் பழைய உதாரணமாக அவர் காட்டியது தோட்டத்தைத்தான். பாரசீகத் தோட்டம் உலகத்தின் நான்கு பகுதிகளையும் ஒரு செவ்வகத்துக்குள் கொண்டுவந்தது என்கிறார். அந்த உரையைப் புறவாசலில் நின்று வாசித்தால் அவர் சொல்லாத சில விஷயங்கள் தெரியும்.

தெருவைப் பார்த்துக் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் ஓடும் வீடுகள் இவை. அக்கிரகாரத்தில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை. பிள்ளைமார் தெருவில் தார்சா, பட்டாசாலை, அடுக்களை, புறவாசல். பெயர் மாறும், வரிசை மாறாது. முன்னாலிருந்து பின்னால் போகப்போக ஆண் குறைந்து பெண் கூடுவாள், விருந்தாளி குறைந்து வேலையாள் கூடுவாள், மந்திரம் குறைந்து உழைப்பு கூடும். கடைசியில் புறவாசல். அங்கே கிணறு, துவைகல், மாட்டுக்கொட்டில், எருக்குழி. வேலியில் பிரண்டை, அதன் சாறு அப்பள மாவுக்கு. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் காரணம் சொல்வார்கள், வேலியில் கிடக்கும் பிரண்டையை யாரும் சொல்வதில்லை. இடித்த, பிசைந்த, தேய்த்த பெண்களைச் சொல்வது அதைவிடக் குறைவு.

பூச்செடிக்குத் தனியாகத் தண்ணீர் கிடையாது. குளித்த தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர், அரிசி களைந்த கழுநீர் இவை ஓடுகிற வாய்க்காலின் ஓரத்தில்தான் செடி. சாம்பலும் சாணியும் உரம். சிறிய இடத்தில் பூ வளர்ப்பதன் முழுத் தொழில்நுட்பமும் இந்த வாய்க்கால் ஓரத்தில் உருவானது. மல்லியைக் கார்த்திகை கடைசியில் வெட்டிவிட்டு இலையை உருவிவிட்டால்தான் பங்குனி சித்திரையில் மொட்டு கட்டும். பிச்சியை அதற்கு ஒரு மாதம் கழித்து வெட்டலாம். கனகாம்பரத்தின் நெற்று மழைத்துளி பட்டதும் வெடித்துத் தானே விதைத்துக்கொள்ளும், பறித்த பூ இரண்டு நாளைக்கு வாடாது. 'பொழுது சாயுறதுக்குள்ள பறிச்சிரு, இல்லேன்னா விரிஞ்சிரும்' என்ற ஒரு வாக்கியத்தில் மொட்டின் வாழ்வு குறித்த துல்லியமான அறிவு இருக்கிறது. இதை அறிவு என்று யாரும் அழைக்கவில்லை. கைப்பழக்கம் என்றார்கள்.

இதே புறவாசலின் கோடியில்தான் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதற்கென்று பின்பக்கம் ஒரு சந்து, ஒரு சின்னக் கதவு. முன்வாசல் வழியாக ஒருபோதும் வர முடியாத ஒரு மனிதர் அல்லது பெரும்பாலும் ஒரு பெண், தினமும் அந்தக் கதவு வழியாக வந்து மலத்தை அள்ளிக்கொண்டு போனார். அவர் நடந்த பாதைக்கு இரண்டு பக்கமும் பூச்செடி. அவர் தொட்டால் தீட்டு. அவர் அள்ளிப்போனதால் தோட்டம் மணத்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் மத்திய சட்டம் 1993இல்தான் வந்தது, அதைக் கடுமையாக்கிய சட்டம் 2013இல். அக்கிரகாரத்துத் தோட்டத்தைப் பற்றிய நினைவேக்கப் பிரதிகள் பலவற்றில் பவளமல்லி உதிர்கிறது, கிணற்று ராட்டினம் சத்தம் போடுகிறது, பின்கதவு மட்டும் திறப்பதேயில்லை. ஒரு பிரதியின் மௌனம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் கதவுகளை எண்ண வேண்டும்.

பெண்களுக்கும் இந்த வெளி ஒற்றைப்படையானதாக இருந்ததில்லை. 'தூரமான' மூன்று நாட்களில் வீட்டுப் பெண்கள் ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் இந்தப் பின்பகுதிக்குத்தான். பூச்செடியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் தொடக்கூடாது; தொட்டால் செடி பட்டுப்போகும். தினமும் தண்ணீர் ஊற்றிய கை அந்த மூன்று நாளில் செடிக்கு விஷமாகிவிடும் என்பது நம்பிக்கை. அதே சமயம், மாமியாரின் கண்ணிலிருந்தும் கூடத்து ஆண்களின் குரலிலிருந்தும் விலகி, ஒரு பெண் தன் இஷ்டப்படி எதையாவது நட்டுப் பார்க்க முடிந்த இடமும் அந்த வீட்டில் அது ஒன்றுதான். விலக்கப்பட்ட இடமே கொஞ்சம் விடுபட்ட இடமாகவும் இருந்தது. இதைக் கொண்டாடவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

4

மூன்றாவது கேள்வி தலைமுடி பற்றியது.

விதவைக்குப் பூ கிடையாது. பிராமண வீடுகளில் தலைமுடியே கிடையாது. விதவை மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. அது சட்டப் புத்தகத்தில் இருந்தது, விதவை கொல்லையில் இருந்தாள். தாமிரபரணிக் கரைக்காரரான அ. மாதவையா, பெருங்குளத்தில் 1872இல் பிறந்தவர், 1903இல் 'முத்துமீனாட்சி'யை வெளியிட்டபோது அதன் மையத்தில் ஒரு பாலிய விதவையைத்தான் வைத்தார். சுற்றிலும் பார்த்து எழுதியதுதான். கூட்டுக் குடும்பத்தில் விடியுமுன் எழுந்து கிணற்றில் இறைத்துச் செடிக்கு ஊற்றும் வேலை பலசமயம் இப்படிப்பட்ட ஒருத்தியின் தலையில்தான் விழுந்தது. பிச்சியை வளர்ப்பாள், மொட்டுப் பறிப்பாள், சரம் தொடுப்பாள், வீட்டிலுள்ள மற்ற பெண்களுக்கு முழம் போட்டு நறுக்கிக் கொடுப்பாள். தன் தலைக்கு மட்டும் வைக்க முடியாது. தான் உண்டாக்கிய பொருளிலிருந்து தானே அந்நியமாதல் என்று தொழிற்சாலையை வைத்து எழுதப்பட்ட கோட்பாட்டை விளங்கிக்கொள்ள, நம்மில் பலர் பாட்டிகளைப் பார்த்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

மடகாஸ்கரிலிருந்து வந்த அந்தச் செடியின் பெயர்களை இந்த இடத்தில் கவனிக்கலாம். ஆண்டு முழுக்கப் பூப்பதால் அது நித்தியகல்யாணி, எப்போதும் மங்கலமானவள். கவனிப்பாரில்லாத மயானத்திலும் பூப்பதால் அதுவே சுடுகாட்டுமல்லி. ஒரே செடி, மங்கலத்தின் உச்சமும் அமங்கலத்தின் எல்லையும் ஒரே வேரில். 1950களின் இறுதியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் இதிலிருந்து புற்றுநோய்க்கான மருந்துகள் பிரிக்கப்பட்டன. பிறகு திருநெல்வேலி, ராமநாதபுரம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் இதன் இலையும் வேரும் ஏற்றுமதிக்காகப் பயிரானது. இப்போது பெயர் என்ன சொன்னாலும் விலை ஒன்றுதான். மங்கலமும் அமங்கலமும் செடிக்குள் இல்லை என்பதைச் சந்தை ஒரே நாளில் ஒப்புக்கொண்டது. வீடுகள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை.

விதவைக்கான தடை ஒரு மரணத்தோடு தொடங்குகிறது. பிறப்போடு தொடங்கும் தடையும் இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. இந்தப் பட்டியலில் ஏழாவது, அவர்களுடைய பெண்கள் பூவோ மஞ்சளோ வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

நகையும் சட்டையும் குடையும் செல்வத்தின் அடையாளம், அதனால் தடை என்று பொருளாதார விளக்கம் கொடுத்துவிடலாம். பூவுக்கு அந்த விளக்கம் போதாது. ஒரு கனகாம்பரச் செடிக்குச் செலவே இல்லை. குடிசை வாசலில் ஒரு குடம் கழுநீரில் வளர்வது. அதைத் தடுத்ததன் பொருள், அவளுக்கு அழகாக இருக்கிற உரிமையே இல்லை என்பது. உழைக்கிற உடம்பாக மட்டும் அவள் தெரியவேண்டும், தன்னைப் பார்த்துத் தானே மகிழ்கிற உடம்பாகத் தெரியக்கூடாது. பூ ஓர் அற்பப் பொருள் என்று வரலாற்றாசிரியர்கள் நினைத்தார்கள். ஆதிக்க சாதிகள் அப்படி நினைக்கவில்லை. நகைக்கும் மேலாடைக்கும் குடைக்கும் சமமாக அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். எதிரிக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

ஆகவே 'தமிழ்ப் பெண்ணும் பூவும்' என்று பொதுவாகப் பேசுவது வரலாற்றுப் பொய். எந்தப் பெண், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று கேட்காமல் அந்த வாக்கியத்தை எழுத முடியாது.

5

கடந்த அரை நூற்றாண்டில் இந்தத் தோட்டங்கள் சிதைந்தன. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் அதற்கப்பாலும் போனார்கள். வீடுகள் கைமாறின, பாகம் பிரிந்தன. கொல்லையில் சுவர் எழும்பிற்று, செப்டிக் டாங்க் வந்தது, மிச்ச இடத்துக்கு சிமெண்டு போட்டாயிற்று. பூவைத் தெருவில் கூவி விற்பவர்களும் பஸ் ஸ்டாண்டுக் கடையும் கொடுக்கிறார்கள். அது சங்கரன்கோவில் சந்தையிலிருந்தும் தோவாளையிலிருந்தும் வருகிறது. பூத்தொடுத்தலைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த பண்டாரங்களில் ஒரு பகுதியினர் கடைக்காரர்களானார்கள். 'மதுரை மல்லி' 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு செடி ஓர் ஊரின் சொத்தாகச் சட்டப்படி பதிவாயிற்று. முழம் மட்டும் மாறாமல் இருக்கிறது. விற்கிறவளின் முழங்கைக்கும் வாங்குகிறவளின் சந்தேகத்துக்கும் நடுவில் இன்றும் பூ அளக்கப்படுகிறது.

கோயிலும் இந்த மாற்றத்துக்கு வெளியே இல்லை. கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் சிலை 1982இல் களவு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2019இல் திரும்பிவந்தது. கலைக்கூடத்தில் அது கலைப்பொருள். யாரும் அதற்குப் பூ வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. திரும்பி வந்த அன்றைக்கு மாலை விழுந்ததும் அது மறுபடி சாமி. கலைக்கும் தெய்வத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழப் பூ என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அந்த மாலை யார் வீட்டுப் புறவாசலில் இருந்தும் வந்திருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. கடையில் வாங்கலாம்.

புறவாசல் அழிந்ததற்காக அழுவதா? அழுகிறவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அழட்டும். பவளமல்லிக்காக என்றால் சரி. அந்தப் பின்கதவுக்காகவும் விதவையின் விடிகாலைக்காகவும் சேர்த்து அழுவதாக இருந்தால் அது வேறு அரசியல். அதேபோல், போனது போகட்டும், எல்லாம் நிலப்பிரபுத்துவ மிச்சம் என்று கைகழுவுவதும் சரியல்ல. கழுநீரை வீணாக்காத, விதைக்குக் காசு கேட்காத, பத்தடிக்குள் ஆண்டு முழுக்கப் பூ எடுக்கத் தெரிந்த ஓர் அறிவு அதோடு சேர்ந்து போகிறது. அந்த அறிவை உண்டாக்கியவர்கள் அந்த ஒழுங்கின் எஜமானர்கள் அல்ல, அதில் அடைபட்டிருந்தவர்கள். எஜமானர்களோடு சேர்த்து அவர்களையும் குப்பையில் போடுவது இரண்டாவது அநீதி.

இன்று இந்தப் பள்ளத்தாக்கில் சின்ன இடத்துப் பூந்தோட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று சென்ட் பட்டாவில் கட்டிய காலனி வீடுகளின் முன்னால் இருக்கிறது. அங்கே புறவாசல் என்று ஒன்று கிடையாது, அதற்கு இடமுமில்லை. உடைந்த பிளாஸ்டிக் வாளி, பெயின்ட் டப்பா, விளிம்பு போன குடம் இவற்றில் கனகாம்பரம், நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ். குழாயில் எப்போது தண்ணீர் வருமோ அப்போது ஊற்றுகிறார்கள். செடி தெருவைப் பார்த்து நிற்கிறது. பின்னால் ஒளிக்கப்பட்டிருந்த தோட்டம் முன்னால் வந்துவிட்டது என்பது இடநெருக்கடியால் நேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் 1930இன் ஏழாவது தடையைத் தெரிந்துகொண்டு அந்த வாளியைப் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் இடநெருக்கடியாகத் தெரியாது. காலையில் வேலைக்குப் போகுமுன் அதில் நாலு பூவைக் கிள்ளிப் பின்னலில் செருகிக்கொள்ளும் பெண் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மீறவேண்டிய நிலை இல்லாமல் ஆக்கியவர்களின் போராட்டம் அவளுக்கு முன்னால் நடந்திருக்கிறது. அந்தப் போராட்டமும் முழுசாக முடிந்துவிடவில்லை. சட்டைக்கும் செருப்புக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் இன்றைக்கும் தென்மாவட்டங்களில் வெட்டு விழுகிறது.

தோட்டக்கலைப் புத்தகங்கள் மண் எவ்வளவு, மணல் எவ்வளவு, எரு எவ்வளவு என்று சொல்லித் தருகின்றன. அவை சொல்ல மறந்த ஒரு கலவை இருக்கிறது. ஒரு பூ மலர்வதற்கு நிலம், தண்ணீர், உழைப்பு, இவற்றோடு அதை வைத்துக்கொள்ளத் தடையில்லாத ஒரு தலையும் வேண்டும். நாலாவது இல்லாத இடத்தில் முதல் மூன்றும் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அங்கே நடந்தது பூ வளர்ப்பு அல்ல, கூலிவேலை.